திசு வளர்ப்பு வாழையும் முடிக்கொத்து நோயும்: உறுப்பினர் அனுபவங்கள்

ஆய்வகப் பணியாளர், தேனி மாவட்டம்:

திசு வளர்ப்பில் உருவாக்கும் ஜி-9 ரக வாழைக் கன்று வாங்க வருவோரில் பெரும்பாலானோர் "இதற்கு நோயே வராதல்லவா?" என்று கேட்கிறார்கள். நோயில்லாத கன்று வேறு, நோயைத் தாங்கும் கன்று வேறு. தாய்மரத்தில் முடிக்கொத்து நோய் போன்றவற்றை உண்டாக்கும் வைரஸ் இருந்துவிட்டால் அதிலிருந்து பெருக்கும் கன்றுகளுக்கும் அது தொற்றும் என்பதால், முதல் சோதனையைத் தாய்மரத்திலேயே செய்துவிடுகிறோம். பிறகு ஈட்டிக் கன்றின் (ஈட்டிபோல் குறுகிய இலையுள்ள பக்கக் கன்று) மட்டைகளை ஒவ்வொன்றாக உரித்துக் குருத்து முனையை வெட்டியெடுக்கும்போது, வாழைத் திசுவில் உள்ள பீனால் சேர்மங்கள் காற்றுப் பட்டு வெட்டுவாய் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழுப்பேறத் தொடங்கும். அதைத் தடுக்க அஸ்கார்பிக் அமிலக் கரைசலில் இட்டு வைப்போம். முராஷிகே-ஸ்கூக் என்ற சத்து ஊடகத்தில் பென்சைல் அமினோ பியூரின் என்ற வளர்ச்சி ஊக்கியைச் சேர்த்து வளர்த்தால் துளிர்கள் கொத்தாகக் கிளம்பும். அவற்றைப் பிரித்துப் புது ஊடகத்துக்கு மாற்றிக்கொண்டே போகலாம் என்றாலும், தாய்மரத்தின் குணத்திலிருந்து திரிந்த கன்றுகள் பெருகிவிடும் என்பதால் எட்டுச் சுழற்சிகளோடு நிறுத்திக்கொள்கிறோம். விலை மலிவு என்று வாங்குவோர் கேட்க வேண்டியது இந்தச் சுழற்சிக் கணக்கைத்தான். ஏனோ யாரும் கேட்பதில்லை.

மலைவாழை விவசாயி, கீழ்ப்பழனி மலை:

மேலே உள்ளதை வழிமொழிகிறேன். 2008-இல் புவிசார் குறியீடு பெற்ற எங்கள் விருப்பாச்சி வாழையைப் பெரும்பரப்பில் அழித்தது முடிக்கொத்து நோய்தான். சான்று பெற்ற திசு வளர்ப்புக் கன்றுகளையே நான் நட்டேன். ஆயினும் பக்கத்துக் காப்பித் தோட்டத்தில் கவனிப்பாரற்று நின்ற பழைய வாழைத் தூர்களிலிருந்து அசுவினி என்ற சாறு உறிஞ்சும் பூச்சி வழியாக நோய் வந்து சேர்ந்தது. இலைக்காம்பில் விட்டு விட்டு ஓடும் கரும்பச்சைக் கோடுகளே முதல் அடையாளம். அதன் பின்னர்தான் இலைகள் குறுகி, விறைத்து, உச்சியில் கொத்தாக நெருங்கும். கோடு தெரிந்த அன்றே அந்த மரத்தை எடுத்துவிட வேண்டும். வேலையாட்கள் உடனே வெட்டிச் சாய்க்கத்தான் நினைப்பார்கள். முதலில் குருத்திலும் மட்டை இடுக்குகளிலும் அசுவினிக்கு மருந்தடித்து, அவை செத்த பிறகே கிழங்கோடு தோண்டி அழிக்க வேண்டும். இல்லையென்றால் சாயும் மரத்திலிருந்து கிளம்பும் அசுவினிகள் அடுத்த தூரில் போய் உட்கார்ந்துகொள்ளும்.