ஆட்குறைப்புப் பேச்சு அடிபடும்போது மேனேஜர் டீமிடம் என்ன சொல்வது?

புதுமேனேஜர்: இரண்டு மாதமாக எங்கள் ஆபீசில் ஆட்குறைப்பு என்று பேச்சு. என் டீமில் 11 பேர். ‘முடிவாகும்வரை எதுவும் சொல்லாதீர்கள்’ என்கிறது மேலிடம். தினமும் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என்ன செய்ய?

நிதானம்: வாயைத் திறக்காதீர்கள். ஒருமுறை ‘ஏதோ நடக்கப்போகிறது போல’ என்று சொல்லிவிட்டேன். அந்த மாதமே என் டீமின் சிறந்த இரண்டு பேர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், கடைசியில் எங்கள் பிரிவில் ஒருவரையும் நீக்கவில்லை.

கீழ்த்தளம்: நிதானம், ‘ஏதோ’ என்று சொன்னதுதான் அவர்களைத் துரத்தியது. 2016-இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 45 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள்: கணினி விளையாட்டில் கல்லைப் புரட்ட வேண்டும், அடியில் பாம்பு இருந்தால் கையில் ஷாக். ஷாக் நிச்சயம் என்று தெரிந்தபோது இருந்ததைவிட, விழுமா விழாதா என்று பாதிக்குப் பாதி இருந்தபோதுதான் பதற்றம் உச்சத்தில் இருந்தது. உங்கள் ஆட்கள் தினமும் அந்தக் கல்லைத்தான் புரட்டுகிறார்கள்.

நிதானம்: சரி, ஆனால் மேனேஜருக்கே தெரியாதே! ‘எனக்கும் தெரியாது’ என்று சொன்னால் அந்தப் பாதிக்குப் பாதி அப்படியேதானே இருக்கும்?

கீழ்த்தளம்: முடிவு அவர் கையில் இல்லை, உண்மைதான். ஆனால் எப்போது பேசுவார் என்பது அவர் கையில்தான் இருக்கிறது. வாரம் ஒரு நாள், ஒரே நேரம், இருபது நிமிடம்: தெரிந்தது இது, தெரியாதது இது, சொல்ல எனக்கு அனுமதி இல்லாததும் உண்டு. புதுச் செய்தி இல்லாத வாரத்திலும் கூட்டம் நடக்க வேண்டும், ஏனென்றால் அதை ரத்து செய்த அன்றுதான் வதந்தி கிளம்பும். அப்புறம், ‘உங்கள் வேலைக்கு ஒன்றும் ஆகாது’ என்று மட்டும் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

வெளியேவந்தவள்: நான் நீக்கப்பட்டவள். நீக்கியதுகூட ஆறிவிட்டது, அதற்கு முந்தைய மாதம் என் மேனேஜர் என் கண்ணைப் பார்க்காமல் ஒதுங்கிப் போனது இன்னும் ஆறவில்லை. 2020 மே மாதம், பயணிகளுக்கு வீடுகளை வாடகைக்குப் பிடித்துத் தரும் ஏர்பிஎன்பி நிறுவனம் சுமார் 1,900 பேரை நீக்கியபோது, எப்படி முடிவெடுத்தார்கள், போகிறவர்களுக்கு என்ன கிடைக்கும் என்று அதன் தலைவர் எல்லோருக்கும் விரிவாகக் கடிதம் எழுதினார். 2021 டிசம்பரில் பெட்டர்.காம் என்ற அமெரிக்க வீட்டுக் கடன் நிறுவனம் சுமார் 900 பேரை ஒரே ஜூம் அழைப்பில் அனுப்பியது. இரண்டிலும் வேலை போனது, ஆனால் போனவர்களுக்கு இரண்டும் ஒன்றல்ல.

நிதானம்: அம்மா, உங்கள் வலி புரிகிறது. ஆனால் அவர்கள் நிறுவனத் தலைவர்கள். நடுவில் இருக்கும் மேனேஜர் பெயரே அந்தப் பட்டியலில் இருக்கலாம், மேலிடத்தின் சொல்லை மீறினால் முதலில் போவது அவர்தான். வாராந்தரக் கூட்டத்துக்கு நான் எதிரில்லை. ஊகத்தைச் சொல்லாதீர்கள் என்பதில் மட்டும் மாற மாட்டேன்.

கீழ்த்தளம்: ஊகத்தை நானும் சொல்லச் சொல்லவில்லையே. இன்னொன்று, பயத்தில் எல்லோரும் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். இந்த மாதம் எதை நிறுத்திவைக்கலாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள், பாதிப் பாரம் குறையும்.

புதுமேனேஜர்: செவ்வாய் காலை பத்து மணிக்குக் கூட்டம் போட்டுவிட்டேன். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று ஹெச்.ஆரிடம் நாளைக்கே எழுதிக் கேட்கிறேன். கூட்டத்துக்கு முன்பு 11 பேரிடமும் தனித்தனியாகப் பேசப்போகிறேன், வீட்டுக் கடன் கட்டுகிறவரிடம் முதலில்.