டப்பாவில் இருந்த மாத்திரை

எட்டு வருடமாக எனக்குப் பிபி. 2023 ஐப்பசியில் மனைவி தவறிவிட்டாள். அதற்கப்புறம் நாலைந்து மாதம் நான் மாத்திரையை நிறுத்தவும் இல்லை, போடவும் இல்லை. எப்படி என்றால், காலையில் தோசைத் தட்டோடு மாத்திரையையும் தண்ணீரையும் அவள்தான் கொண்டுவந்து வைப்பாள், அது நின்றதும் நானாக எழுந்துபோய் எடுக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. மறதி என்று சொல்ல மாட்டேன். டப்பா கண்ணெதிரேதான் இருக்கும். போட்டு என்ன ஆகப்போகிறது என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்தபோது 170/100. "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" என்று டாக்டர் கேட்டார். போடுறேன் என்றேன். அவர் என்ன செய்வார் பாவம், அம்லோடிபின் 5 மில்லிகிராமை 10 ஆக்கி, டெல்மிசார்டன் என்ற இன்னொரு பிபி மாத்திரையும் சேர்த்து எழுதினார். அந்த வாரம் மகள் வந்து தங்கினாள். அவள் முன்னால் நல்ல பிள்ளையாக எல்லாவற்றையும் விழுங்கினேன். மூன்றாம் நாள் ராத்திரி பாத்ரூம் போக எழுந்தவனுக்குக் கண் இருட்டிக்கொண்டு வர, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போடாத மாத்திரைக்கு டோஸ் ஏற்றினால், போடுகிற அன்றைக்கு இப்படித்தான் ஆகும் என்று அப்போது உறைக்கவில்லை. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று இன்னொரு சாக்குதான் கிடைத்தது.

கண்டுபிடித்தது 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் பெண். புது அட்டைகளை வைக்க பிஸ்கட் டின்னைத் திறந்தவள், "அப்பா, போன தடவை குடுத்தது பிரிக்காமலே இருக்கே?" என்றாள். திட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சமையல் யாருப்பா பண்றாங்க?" என்று கேட்டாள். அவ்வளவுதான், உடைந்துவிட்டேன். மறுநாள் டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். பழையபடி ஒரே மாத்திரைக்குக் கொண்டுவந்தார், மனநல மருத்துவரையும் பார்க்கச் சொன்னார்.

*

ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். உங்களுக்கு மாத்திரை போடாமல் பிபி ஏறியது, எனக்கு அதை அளந்து பார்த்துப் பார்த்தே ஏறியது. அம்மாவுக்கு பக்கவாதம் வந்த மறுவாரம் பிபி பார்க்கும் மெஷின் வாங்கினேன். 152 காட்டும், பயத்தில் உடனே மறுபடி பார்ப்பேன், 161. அடுத்தது 168. ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை. நெஞ்சு படபடப்பில் இரண்டு முறை நடுராத்திரி ஆட்டோ பிடித்து எமர்ஜென்சிக்குப் போனேன், அங்கே படுக்க வைத்து அரை மணி நேரத்தில் தானாகவே இறங்கிவிட்டது. பயத்தில் சுரக்கிற அட்ரினலினே அழுத்தத்தை ஏற்றும் என்று அங்கிருந்த டாக்டர்தான் சொன்னார். காலையில் இரண்டு தடவை, மாலையில் இரண்டு தடவை, ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்த பிறகு, காபிக்கு முன்னால், ஒரு வாரம் மட்டும் எழுதி, முதல் நாள் கணக்கை விட்டுவிட்டுச் சராசரி பார்க்கச் சொன்னார். 131/84 வந்தது. மெஷின் இப்போது மாமியார் பீரோவில். சாவி கேட்க நான் போக மாட்டேன் என்று அவருக்குத் தெரியும்!

*

என் கதை வேறு. மனச்சோர்வுக்கு வென்லாஃபாக்சின் எடுத்தேன், டோஸ் கூட்டியதும் பிபி மேலேயே நின்றது. சிலருக்கு அந்த மாத்திரை பிபியை ஏற்றுமாம். பிபி டாக்டரிடம் நான் அந்தச் சீட்டைக் காட்டவே இல்லை, மனநல மாத்திரை என்று சொல்ல வெட்கம். மெடிக்கல்காரர்தான் இரண்டு சீட்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டுக் கேட்டார். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று விட்டால் தலைசுற்றலும் எரிச்சலும் பாடாய்ப் படுத்தும். எனக்கு டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வேறு மாத்திரைக்கு மாற்றினார்.

*

தம்பி, அந்த வெட்கம் எனக்கும் இருந்தது. நேரில் போக முடியாத ஒரு ராத்திரி, அரசின் இலவச மனநல உதவி எண்ணான 14416-க்குப் போன் செய்து பேசினேன், தமிழிலேயே பேசினார்கள். இப்போது 138/86. போன வாரம் என் மனைவியின் திதி, இரண்டு நாள் மாத்திரை விட்டுப்போனது. இந்த முறை டாக்டர் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன்.