நைட் ஷிப்ட் இதயத்தைக் கெடுக்கிறதா, பழக்கம் கெடுக்கிறதா?

கொங்குத் தம்பி:
பல்லடம் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் எலக்ட்ரீசியனாக இருக்கிறேன். பகல், அரை நைட், முழு நைட் என்று வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும். போன மாதம் எங்களோடு வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர், வயது 46, முழு நைட் முடித்துவிட்டு வண்டி ஸ்டாண்டில் பூட்டைத் திறந்துகொண்டிருந்தவர் அப்படியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சட்டையெல்லாம் வேர்வை, தலையில் பஞ்சு கூடத் தட்டவில்லை. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம், ஸ்டென்ட் வைத்தார்கள், பிழைத்துக்கொண்டார். ஆபீசில் கேட்டால், "அவர் பீடி குடிக்கிற ஆள், வேலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை" என்று முடித்துவிட்டார்கள். பீடி குடிப்பார், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் 22 வருஷம் மூன்று வாரத்துக்கு ஒரு வாரம் ராத்திரி முழுக்க நின்றதற்கு இதில் பங்கே கிடையாதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓஎம்ஆர் ராத்திரி:
தம்பி, அண்ணன் பிழைத்தது பெரிய நிம்மதி. ஆனால் நான் வேறு மாதிரிதான் சொல்வேன். 14 வருஷமாக அமெரிக்க ஷிப்ட், மாலை ஆறரைக்குக் கேப் வரும், விடிகாலை நாலு மணிக்கு வீடு. என் கூடச் சேர்ந்தவர்களில் இரண்டு பேருக்கு நாற்பதுக்குள் ஹார்ட் பிரச்சினை வந்தது. இரண்டு பேருமே ராத்திரி ஒரு மணிக்குப் பரோட்டா சால்னா, அதற்கு மேல் கூல்டிரிங்ஸ், ஒவ்வொரு போன் கால் முடிந்ததும் கீழே இறங்கி ஒரு சிகரெட். நான் வீட்டுச் சாப்பாடு, புகை கிடையாது, வந்ததும் படுத்தால் பதினொன்றரை வரை தூக்கம். போன மாதம்கூட பிபி, சுகர் இரண்டும் நார்மல். இந்த ஷிப்ட் சம்பளத்தில்தான் தங்கை கல்யாணம், வீட்டு லோன் எல்லாம் நடந்தது. ராத்திரி வேலையே விஷம் என்று பேச ஆரம்பித்தால், பழக்கத்தை மாற்ற வேண்டியவன் மாற்ற மாட்டான், எல்லாவற்றுக்கும் ஷிப்ட் மேல் பழி போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பான்.

வார்டு அக்கா:
நான் ஸ்டாஃப் நர்ஸ், 17 வருஷ அனுபவம். ஓஎம்ஆர் தம்பி சொல்கிற பழக்கம் எல்லாம் உண்மை, ஆனால் பாதி உண்மை. ராத்திரி தூங்கும்போது நம் ரத்த அழுத்தம் பகலைவிட 10 முதல் 20 சதவீதம் வரை இறங்க வேண்டும். இதயத்துக்கு அதுதான் ஓய்வு. மூளைக்குள் இருக்கும் கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்து ஓடுகிறது, டியூட்டி ரோஸ்டரைப் பார்த்து அல்ல.

பழக்கம் மட்டும்தானா என்று பார்க்க 2009-இல் பாஸ்டனில் ஒரு சோதனை செய்தார்கள். பத்து பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்து, 28 மணி நேரத்தை ஒரு நாளாக ஆக்கி, தூக்கமும் சாப்பாடும் மெல்ல நகர்ந்து தலைகீழாகும்படி செய்தார்கள். சாப்பாடு அளந்து கொடுத்ததுதான், பரோட்டாவும் இல்லை சிகரெட்டும் இல்லை. அப்படியும் நேரம் தலைகீழான நாட்களில் சராசரி ரத்த அழுத்தம் 3 சதவீதம் ஏறியது, சர்க்கரை 6 சதவீதம் ஏறியது. பழக்கம் எதுவும் இல்லாமலே ஏறுகிறது என்றால் அது எதனால் தம்பி?

அப்புறம் அமெரிக்காவில் எங்களைப் போன்ற நர்ஸ்கள் 1,89,000 பேரை 24 வருஷம் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2016-இல் வந்தது. புகை, எடை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும், பத்து வருஷத்துக்கு மேல் மாற்று நைட் ஷிப்ட் பார்த்தவர்களுக்கு இதய நோய் 15 முதல் 18 சதவீதம் அதிகம்.

கணக்கு வாத்தியார்:
அக்கா, எண்ணைச் சொன்னீர்கள், அதன் அர்த்தத்தையும் சொல்லிவிட வேண்டும். 18 சதவீதம் அதிகம் என்பதைப் படிக்கிற பலர், நைட் பார்க்கிற நூறு பேரில் பதினெட்டு பேர் விழுவார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். பகல் வேலைக்காரர்கள் நூறு பேரில் பத்து பேருக்கு வருகிறது என்று வைத்துக்கொண்டால், நைட் ஆட்களில் அது பன்னிரண்டு பேருக்குக் கொஞ்சம் கீழே. அவ்வளவுதான். மாரடைப்புக்கு என்ன காரணம் என்று 2004-இல் 52 நாடுகளில் எடுத்த இன்டர்ஹார்ட் ஆய்வில் புகைப்பவர்களுக்கு மாரடைப்பு ஆபத்து கிட்டத்தட்ட மூன்று மடங்கு. 18 சதவீதம் எங்கே, மூன்று மடங்கு எங்கே? அந்த மில்காரர்கள் சொன்ன விதம் தவறு, ஆனால் அந்த அண்ணனுக்கு இப்போது முதல் வேலை பீடியை விடுவதுதான், ஷிப்ட் மாறுவது அடுத்தது. வரிசையை மாற்றிச் சொன்னால் அவருக்கே கெடுதல். பத்து பேரைச் சில நாள் வைத்துப் பார்த்ததை இருபது வருஷத்தில் உண்டாகும் நோயோடு நேராகக் கோக்கவும் முடியாது.

வார்டு அக்கா:
பீடியை விட வேண்டும் என்பதில் எனக்கும் உங்களுக்கும் சண்டையே இல்லை சார். ஆனால் அந்த 18 சதவீதம் குறைத்துக் காட்டுகிற எண்ணாகவும் இருக்கலாம். நைட் ஒத்துக்கொள்ளாதவர்கள் பாதியிலேயே டே டியூட்டி கேட்டுப் போய்விடுகிறார்கள், இல்லையென்றால் வேலையையே விட்டுவிடுகிறார்கள். பத்து வருஷம் தாண்டி நிற்பவர்கள் ஏற்கெனவே தாக்குப்பிடிக்கிற உடம்புக்காரர்கள். என்னோடு சேர்ந்த பதினோரு பேரில் இன்று நைட் பார்ப்பது நான்கு பேர். மற்ற ஏழு பேரும் எந்தக் கணக்கில் வருவார்கள்? அந்த ஆய்விலேயே இன்னொன்றும் இருக்கிறது, ஷிப்டை விட்டு வருஷங்கள் போகப் போக ஆபத்து குறைந்தது. அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது.

கொங்குத் தம்பி:
வாத்தியார் சார், பீடியைத் தனியாகவும் ஷிப்டைத் தனியாகவும் பிரிக்கிறீர்களே, அது எனக்குப் பிடிபடவில்லை. மில்லுக்குள் பஞ்சு இருப்பதால் தீப்பெட்டியே கொண்டுபோகக் கூடாது. ராத்திரி மூன்று மணிக்கு நூல் நூற்கிற ரிங் பிரேம் மெஷின் முன்னால் கண் சொக்கும், நூல் அறுந்தது கூடத் தெரியாது. வெளியே கேட் பக்கம் போய் பீடி இழுக்கிறேன் என்றால் ஐந்து நிமிஷம் விடுவார்கள். கால் மணி நேரம் கண்ணை மூடிக்கொள்கிறேன் என்றால் விட மாட்டார்கள். அண்ணன் கல்யாணம் ஆகும்வரை பீடியைத் தொட்டதில்லை, முழு நைட்டில்தான் பழகினார் என்று அண்ணி சொன்னார்கள்.

தூக்கமும் அப்படித்தான். ஓஎம்ஆர் அண்ணா, உங்களுக்கு ஏசி இருக்கும், திரை இருக்கும். எங்கள் லைன் வீடு தகரக் கூரை. சித்திரை மாதம் பத்து மணிக்கே உள்ளே அடுப்பில் வைத்த மாதிரி இருக்கும், பக்கத்து வீட்டு மிக்சி, மாரியம்மன் கோயில் மைக், நடுவில் கரண்ட் போகும். அண்ணன் ஈரத் துண்டை மார்பில் போட்டுக்கொண்டு வேப்பமரத்தடிக் கயிற்றுக் கட்டிலில் படுத்திருப்பார். மூன்று மணி நேரம் தூங்கினால் அதிகம்.

ஓஎம்ஆர் ராத்திரி:
தம்பி, அதை நான் யோசிக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். எனக்கு ஏசி இருக்கிறது. ஆனாலும் ஒன்று சொல்கிறேன், உங்கள் பிரச்சினை நைட் அல்ல, வாராவாரம் மாற்றுவது. ஒரேயடியாக நைட் என்றால் உடம்பு பழகிக்கொள்ளும். நானே அதற்குச் சாட்சி.

வார்டு அக்கா:
சனி, ஞாயிறு எப்போது தூங்குகிறீர்கள்?

ஓஎம்ஆர் ராத்திரி:
அந்த இரண்டு நாள் ராத்திரிதான். பையனோடு இருக்க வேண்டாமா.

வார்டு அக்கா:
இருக்கத்தான் வேண்டும். அதைத் தப்பு என்று சொல்லவே மாட்டேன். ஆனால் அப்படியென்றால் உங்கள் உடம்பும் வாராவாரம் இரண்டு தடவை மாறுகிறது தம்பி. அந்த இரண்டு நாள் காலையில் முகத்தில் அடிக்கிற வெளிச்சமும் கடிகாரத்தைப் பகலுக்கு இழுத்துவிடும். வருஷக்கணக்கில் நைட் பார்ப்பவர்களில் முழுதாகப் பழகிக்கொள்வது ரொம்பச் சிலர்தான். பயமுறுத்தச் சொல்லவில்லை. பிபி பார்க்கும்போது தூங்கி எழுந்த பிறகு ஒரு தடவை, ஷிப்ட் முடிகிற நேரத்தில் ஒரு தடவை பாருங்கள்.

நான் செய்வதைச் சொல்கிறேன். எட்டு மணிக்குள் சாப்பிட்டுவிட்டுப் போவேன், நள்ளிரவுக்குப் பிறகு தண்ணீர் தவிர ஒன்றும் கிடையாது. பாஸ்டன் குழுவே பிறகு ஒரு சோதனையில், ராத்திரி விழித்திருந்தாலும் பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை ஏறவில்லை என்று பார்த்தார்கள். அதுவும் சின்ன சோதனைதான் வாத்தியார் சார், நீங்கள் சொல்லும் முன் நானே சொல்லிவிடுகிறேன். மில் ஆட்களுக்குப் பசியோடு நிற்பது கஷ்டம், பாரம் தூக்குகிறவர்கள் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம்.

இன்னொன்று, விடிகாலையில் நெஞ்சை அழுத்தி, தாடைக்கோ கைக்கோ வலி பரவி, வேர்த்தால் வாயு என்று சோடா குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகள் கொடுத்து அனுப்பும் 'இதயம் காப்போம்' திட்டம் 2023-இலிருந்து இருக்கிறது.

கணக்கு வாத்தியார்:
நான் எதிர்ப்பது எண்ணை ஊதிப் பெரிதாக்குவதை மட்டும்தான். பரிசோதனை வேண்டும் என்பதில் மாற்றுக்கருத்து இல்லை. ராத்திரி வேலைக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கை 1990-இலேயே வந்துவிட்டது. கேட்டால் இலவச உடல் பரிசோதனை, ராத்திரி வேலைக்குத் தகுதியில்லை என்றால் முடிந்தவரை அதே மாதிரி வேறு வேலை என்று அதில் இருக்கிறது. இந்தியா இன்னும் ஏற்கவில்லை. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வருவதே 53 வயது வாக்கில், மற்ற இடங்களில் 59 என்று அதே இன்டர்ஹார்ட் சொல்கிறது. நாற்பது தாண்டிய நைட் ஆட்களுக்கு வருஷம் ஒரு பரிசோதனை என்பது அதிகப்படியான கோரிக்கை அல்ல.

ஓஎம்ஆர் ராத்திரி:
இதில்தான் எனக்குப் பயம். பரிசோதனை ரிப்போர்ட் யார் கைக்குப் போகும்? பிபி இருக்கிறது என்று தெரிந்தால் பகலுக்கு மாற்றுவார்களா, வீட்டுக்கு அனுப்புவார்களா? பகலுக்கு மாற்றினாலும் நைட் அலவன்ஸ் போச்சு. என் டீமில் இரண்டு பேர் மாத்திரை போடுவதையே மறைத்து வைத்திருக்கிறார்கள். ரிப்போர்ட் தொழிலாளியிடம் மட்டும் இருக்க வேண்டும், சம்பளம் குறையக் கூடாது, இந்த இரண்டும் எழுத்தில் இல்லாமல் பரிசோதனை என்றால் நான் போக மாட்டேன்.

கொங்குத் தம்பி:
நீங்கள் சொன்னது எங்களுக்கும் பொருந்தும் அண்ணா. அண்ணன் அடுத்த மாதம் 3-ஆம் தேதி வேலைக்கு வருகிறார், நோட்டீஸ் போர்டில் அவர் பெயர் முழு நைட்டில்தான் இருக்கிறது. டாக்டர் சீட்டில் ராத்திரி வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அதை நகல் எடுத்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை நாங்கள் ஆறு பேர் மேனேஜரைப் பார்க்கப் போகிறோம், அலவன்ஸ் விஷயத்தையும் சேர்த்தே கேட்கிறோம். பீடியை அவர் ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டார் வாத்தியார் சார், அண்ணி சொன்னார்கள்.