லேசர் மீட்டர் 20 மீட்டர் தாண்டினா எரர் காட்டுது, அவசர உதவி

சைட்_பையன்: தூரம் அளக்கற லேசர் மீட்டர், டப்பால 60 மீட்டர்னு போட்டிருக்கு. ஓ.எம்.ஆர் சைட்ல 20 தாண்டினாலே எரர். வீட்டுக்குள்ள சரியா வருது. பேட்டரி புதுசு. மீட்டரே போயிடுச்சா? நாளைக்கு அளவு கொடுக்கணும்.

அடையாறு_அளவு: எத்தனை மணிக்கு? எதுமேல அடிச்சீங்க? கையிலயா, ஸ்டாண்ட்லயா?

ஆப்டிக்ஸ்_அண்ணன்: லென்ஸைப் பாருங்க. ஏசி கார்ல இருந்து எடுத்ததும் நம்ம ஊர் ஈரக்காத்துல ஆவி படியும். கொஞ்ச நேரம் வெளியில வச்சிட்டு மைக்ரோஃபைபர் துணியால துடைங்க.

பழைய_சர்வேயர்: டப்பாவுல சின்ன எழுத்தை யாரும் படிக்கறதில்ல. 60ங்கறது வெள்ளைச் சுவருக்கும் மங்கின வெளிச்சத்துக்கும் சொன்ன கணக்கு. வாங்கும்போதே தெரிஞ்சிருக்கணும் தம்பி.

சைட்_பையன்: மதியம் 12. கையில. எதிர்ல கேட், கறுப்பு எனாமல். தூரம் 43 மீட்டர் இருக்கும்.

அடையாறு_அளவு: அப்போ மீட்டர்ல கோளாறு இல்ல. வெள்ளைச் சுவர் சுமார் 80 சதவீத ஒளியைத் திருப்பும், கறுப்பு 5–10தான். எனாமல் பளபளப்பு வேற. சாய்வா அடிச்சா மிச்ச ஒளியும் கண்ணாடி மாதிரி வேற பக்கம் போயிடும். தூரம் இரட்டிச்சா திரும்பற சிக்னல் கால்வாசி. அதுக்கு மேல உச்சி வெயில். மீட்டருக்குக் குடை பிடிச்சுப் பெருசா பலனில்ல. புள்ளி விழற இடத்துக்கு நிழல் வேணும்.

கேட்ல வெள்ளை மேட் பெயின்ட் அடிச்ச பிளைவுட் துண்டைச் சாய்ச்சு வைங்க. தெர்மகோல் வேண்டாம், ஒளி உள்ள இறங்கி அளவு கூடும். ஸ்டாண்ட் கட்டாயம்: 0.1 டிகிரி ஆடினா 43 மீட்டர்ல புள்ளி 7.5 செ.மீ. நகரும். சிக்னல் கம்மியானா மீட்டர் அதிக நேரம் எடுக்கும், அதுவரை ஆடக்கூடாது. அப்பவும் வரலன்னா நடுவுல நேர்கோட்டுல ஒரு குச்சி நட்டு ரெண்டா அளங்க.

பச்சை_ஒளி: பச்சை லேசர் வாங்குங்க, வெயில்லயும் எடுக்கும்.

பழைய_சர்வேயர்: பச்சை கண்ணுக்குத்தான் பளிச்சுன்னு தெரியும். உள்ள இருக்கற சிலிக்கான் சென்சாருக்குச் சிவப்புதான் தோது. அடிப்படை தெரியாம சொல்லாதீங்க.

பச்சை_ஒளி: புள்ளியே தெரியாம எங்க குறி வைக்கறது?

ஆப்டிக்ஸ்_அண்ணன்: அதுக்குக் கண்ணுல போடற சிவப்புக் கண்ணாடி போதுமே.

அடையாறு_அளவு: கண்ணாடி போட்டா உங்களுக்குத் தெரியும், சென்சாருக்கு ஒண்ணும் மாறாது. வெயில்ல தூரத்துல குறி வைக்கணும்னா கேமரா ஜூம் இருக்கற மாடல்தான் சரி.

சைட்_பையன்: சாயங்காலம் பிளைவுட் வச்சு ஸ்டாண்ட்ல எடுத்தேன். 43.218. திரும்பத் திரும்ப அடிச்சாலும் 1 மி.மீ.தான் மாறுது. நன்றி சார்.

அடையாறு_அளவு: பிளைவுட் கனத்தைக் கூட்டினீங்களா? மேல்பக்கம் சாய்வா இருந்திருந்தா பின்னாடி இருக்கற இடைவெளியும் சேரும்.