மறு: பூட்லோடர் – ‘துவக்க ஏற்றி’ வேண்டாம், ‘எழுப்பி’ ஆகுமா?

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

கணினியைப் போட்டதும் விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளத்தைத் தேடிக் கிளப்பிவிடும் சிறு நிரல்தான் பூட்லோடர். அதற்குத் தமிழில் ‘துவக்க ஏற்றி’யா ‘தொடக்க ஏற்றி’யா என்று மூன்று நாளாக நம் மொழிபெயர்ப்புக் குழுவில் இழை நீண்டுகொண்டே போகிறது. துவக்கு என்றால் எங்களுக்குத் துப்பாக்கி என்று யாழ்ப்பாணத்து அண்ணன் எழுதியதோடு அந்தப் பாதியையாவது முடித்திருக்கலாம். எனக்கு இரண்டுமே ஒட்டவில்லை. ஏன் என்று சொல்லப் போன வாரக் கதை ஒன்று வேண்டும்.

பாறசாலையிலிருந்து அக்கா மகன் கூப்பிட்டான். “மாமா, லேப்டாப்பு எழும்பல.”

கேரளத்து அரசுப் பள்ளிகளில் கணினிப் பாடம் லினக்ஸில்தான். அதனால் அத்தானின் பழைய மடிக்கணினியில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே லினக்ஸையும் நான்தான் போட்டுக் கொடுத்திருந்தேன். பத்தாம் வகுப்பு முடிந்து பையன் இந்தப் பக்கம் மார்த்தாண்டத்தில் பிளஸ் ஒன் சேர்ந்தான். இனி லினக்ஸ் எதற்கு, இடமாவது மிச்சமாகட்டும் என்று விண்டோஸுக்குள் இருந்தபடியே லினக்ஸுக்கென்று வட்டில் பிரித்திருந்த பகுதியை, அந்தப் பார்ட்டிஷனை, அழித்துவிட்டான். மறுநாள் காலையில் கறுப்புத் திரை. மேலே ‘நோ சச் பார்ட்டிஷன்’, கீழே ‘கிரப் ரெஸ்க்யூ’, பக்கத்தில் மின்னும் ஒரு கோடு. (கிரப் என்பது லினக்ஸோடு வரும் பூட்லோடர்.)

என்னைக் கூப்பிடும் முன்பே ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். “பூட் ஆகல, ஹார்ட் டிஸ்க் போச்சு, மாத்தணும்” என்று அங்கே சொல்லிவிட்டார்களாம். அக்கா கல்யாணப் படமெல்லாம் போயிற்றே என்று உட்கார்ந்துவிட்டாள். (அம்மா தனிக் கட்சி: “பூட்டு ஆகலேன்னா சாவிய எங்க வச்சிய?”)

வட்டுக்கு ஒன்றுமே ஆகவில்லை. அந்தப் பழைய வகை இயந்திரத்தில் வட்டின் முதல் துண்டு 512 பைட். அதில் 446 பைட்தான் நிரலுக்கு. 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணை, கடைசி 2 பைட் அடையாளம். 446 பைட்டுக்குள் கிரப் முழுவதும் அடங்காது. ஆகவே தலை இங்கே, அடுத்த துண்டு முதல் பார்ட்டிஷனுக்கு முன்னால் கிடக்கும் வெற்றிடத்தில், மிச்ச உடம்பெல்லாம் லினக்ஸின் வீட்டுக்குள். பையன் அழித்தது அந்த வீட்டை. தலை மட்டும் வழக்கம்போலக் கண் விழித்து, உடம்பைத் தேடி, காணாமல் நின்றுவிட்டது. விண்டோஸும் படங்களும் பக்கத்து அறையில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தன. எழுப்ப ஆளில்லை, அவ்வளவுதான்.

களியக்காவிளை தாண்டிப் போய், விண்டோஸ் நிறுவும் பென் டிரைவைச் செருகி, ரிப்பேர் வழியாகக் கட்டளைத் திரைக்குள் நுழைந்து ‘பூட்ரெக் /ஃபிக்ஸ்எம்பிஆர்’ அடித்தேன். அது முதல் துண்டில் உள்ள நிரலை மட்டும் மாற்றி எழுதும், அட்டவணையைத் தொடாது. அக்கா போட்ட கட்டன் சாயா ஆறுவதற்குள் விண்டோஸ் வந்துவிட்டது. பழைய பயாஸுக்குப் பதிலாகக் கணினியை முதலில் இயக்கிவைக்கும் யூஇஎஃப்ஐ உள்ள புது இயந்திரமாக இருந்தால் பெரும்பாலும் இதுகூடத் தேவைப்படாது. அதன் அமைப்புத் திரைக்குள் போய், எதை முதலில் பூட் செய்வது என்ற வரிசையில் ‘விண்டோஸ் பூட் மேனேஜரை’ மேலே ஏற்றினால் போதும்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். ‘பூட் ஆகல’ என்பதில் யார் தவறினார் என்பது இல்லை. வட்டா, விண்டோஸா, நடுவில் நிற்கும் ஆளா? அந்த நடு ஆளுக்கு வீட்டில் புழங்குகிற ஒரு பேர் இருந்திருந்தால், “எழுப்பிதான் போச்சு, உள்ளே எல்லாம் இருக்கு” என்று அந்தக் கடைக்காரரே சொல்லியிருப்பாரோ என்னவோ. ‘ஏற்றி’ தப்பில்லை, இயங்குதளத்தின் கருவான கெர்னலை நினைவகத்தில் ஏற்றத்தான் செய்கிறது. ஆனால் எங்கள் ஊர்ப்பக்கம் ஏற்றுவது என்றால் லாரியில் லோடு ஏற்றுவதுதான் முதலில் நினைவுக்கு வரும்.

பையன் சொன்னதையே எடுத்துக்கொள்கிறேன். எழும்பு, அதன் பிறவினை எழுப்பு, எழுப்புவது எழுப்பி. அனுப்பி, நிரப்பி போல இலக்கணத்துக்கும் இடறல் இல்லை. ஆங்கிலத்திலும் அந்தச் சொல் சப்பாத்து வாரைப் பிடித்துத் தன்னைத்தானே தூக்கிக்கொள்ளும் கதையிலிருந்து வந்ததுதான். தொடங்குவதைவிட எழும்புவதே அதற்கு நெருக்கம்.

நேற்று வந்த இரண்டு மறுப்புகள்:

> ‘கணினி எழவில்லை’ என்று எழுதினால் ‘எழவு’ காதில் விழுகிறதே?

விழும்தான். ‘எழும்பவில்லை’ என்று எழுதுங்கள். கிரப் ரெஸ்க்யூ முன்னால் இரவு பத்து மணிக்கு உட்கார்ந்தவர்களுக்கு அந்த மற்ற சொல்லும் பொருத்தமாகவே படும்.

> ஸ்லீப்பிலிருந்து வருவதற்கு ஏற்கெனவே ‘எழுப்பு’ போட்டிருக்கிறோம்.

இது கனமான மறுப்பு. கோழிக்கோட்டு அக்கா சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் குமரிப் பக்கம் எந்த வீட்டிலும் காலையில் கேட்கலாம்: “முழிச்சாச்சு, இன்னும் எழும்பல.” ஸ்லீப்பில் நினைவகம் கலையாமல் இருக்கிறது, கண்ணைத் திறந்தால் போதும். அதற்கு ‘விழிப்பு’ என்று மாற்றிக்கொள்வோம். பூட் என்பது ஒன்றுமில்லாத நினைவகத்திலிருந்து எழும்புவது. இரண்டையும் பிரித்தால் இரண்டுக்கும் நல்லது.

அப்படியானால் பூட் ஆர்டர் ‘எழுப்பு வரிசை’. இதில் எனக்குத் தயக்கமில்லை. ஒரே கணினியில் இரண்டு இயங்குதளம் வைத்து வேண்டியதைக் கிளப்பும் டூயல் பூட்டுக்குத்தான் மாட்டிக்கொண்டேன். ‘இரட்டை எழுப்பு’ என்றால் இரண்டு பேரையும் ஒன்றாக எழுப்புவதுபோல் இருக்கிறது. இருப்பது இருவர், எழும்புவது ஒருவர். ‘இருவரில் எழுப்பு’ என்று எழுதிப் பார்த்துவிட்டு நானே அழித்துவிட்டேன். யாழ்ப்பாணத்து அண்ணன் ஏதாவது வைத்திருந்தால் தரவும்; ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்தால் மொழிபெயர்ப்புக் கோப்பில் சேர்த்துவிடுகிறேன்.