கோயில் சமையற்கட்டில் கொழுந்தனாருக்கு ஒரு வேலை கேட்பது எப்படி?

சாட்ஸ்வொர்த் மருமகள்:

வணக்கம். நான் திருநெல்வேலிப் பக்கம் பிறந்து, கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தவள். என் கணவரின் தம்பிக்கு 26 வயது, டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலேயே வரும் அறிவு வளர்ச்சிக் குறைபாடு). சிறப்புப் பள்ளியில் படித்தார். பள்ளி முடிந்த பிறகு வீடுதான். காலையில் டிவி, மத்தியானம் தூக்கம், சாயங்காலம் கேட்டருகே நின்று போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிடுவார். எல்லோரும் கையசைப்பார்கள். ஒருவரும் நின்று பேசுவதில்லை.

அவருக்குக் கோயில் சமையற்கட்டு என்றால் உயிர். புரட்டாசி வந்தால் இங்கே பாதித் தமிழர்கள் கறியையும் மீனையும் விட்டுவிடுவார்கள், கோயிலில் சனிக்கிழமைதோறும் சமையல். வெங்காயம் நறுக்கும் ஆயாமார்கள், பெரிய அண்டாவில் பீன்ஸ் பிரியாணி. அந்த வாசம் வந்தாலே கார் நிற்பதற்குள் கதவைத் திறந்துவிடுவார்.

கோயிலில் யாரும் அவரைத் துரத்துவதில்லை. சிக்கலே அதுதான். நுழைந்ததும் “வா சாமி, உட்காரு” என்று முன்வரிசையில் நாற்காலி போட்டு, எல்லோருக்கும் முன்னால் தட்டு வைப்பார்கள். அவரோ சாப்பிட்டு முடித்ததும் பரிமாறுகிற வாளியைத் தூக்கப் போவார். “உனக்கு எதுக்குப்பா” என்று வாங்கிவிடுவார்கள்.

மார்ச் 21 உலக டவுன் சிண்ட்ரோம் தினம். தென்னாப்பிரிக்காவில் அதே நாள் மனித உரிமை தினம், விடுமுறை வேறு. அன்று அந்த நாளின் அடையாளமாக ஜோடி சேராத சாக்ஸ் போட்டுக்கொண்டு வந்து எல்லோரும் அவரோடு படம் எடுப்பார்கள். 22-ஆம் தேதி அவர் மறுபடி கேட்டருகே நிற்பார்.

மாமியாருக்கு வயதாகிவிட்டது, சர்க்கரையும் இருக்கிறது. “நான் இருக்கிற வரைக்கும் என் பிள்ளை யாரையும் அண்டி நிற்க வேண்டாம்” என்பார். அந்த “இருக்கிற வரைக்கும்”தான் என் கவலையும். அதை ஒரு மருமகள் வாய்விட்டுச் சொல்ல முடியுமா?

கோயில் கமிட்டிக்கு எப்படி எழுதினால் அவருக்கு ஒரு வேலை தருவார்கள்? யாராவது செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

டோங்காட் வாத்தியார்:

மகளே, சிறப்புப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தமிழ் எங்கள் வீட்டில் தாத்தாவோடு போயிருக்க வேண்டியது, கோயில் வகுப்பில் பிடித்துக்கொண்டேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கமிட்டிக்குக் கடிதம் எழுதாதீர்கள். கூட்டத்தில் எல்லோரும் நல்ல வார்த்தை சொல்வார்கள், அதோடு கோப்புக்குள் போய்விடும். சமையற்கட்டில் எந்த ஆயாவின் சொல்லுக்கு மறுபேச்சு இல்லையோ, அவரைப் பிடியுங்கள். “இவனையும் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்று பொதுவாகக் கேட்க வேண்டாம். “சனிக்கிழமை மேசைக்குத் தட்டும் தம்ளரும் வைக்கிற வேலை இவன் பொறுப்பில் இருக்கட்டுமா?” என்று கேளுங்கள். ஒரே கிழமை, ஒரே இடம், ஒரே வேலை. ஆனால் அவர் வராவிட்டால் நாலு பேர் தட்டுக்கு அலைய வேண்டும், அப்படிப்பட்ட வேலையாக இருக்கட்டும். அடுக்கி வைத்த தட்டையே திரும்ப அடுக்கச் சொன்னால் அவருக்கு உடனே தெரிந்துவிடும்.

வுல்ஃப் வுல்ஃபென்ஸ்பெர்கர் என்ற ஊனமுற்றோர் நல அறிஞர் 1983-ல் இதை ஒரு கோட்பாடாகவே வைத்தார். ஊர் ஒருவரை என்னவாகப் பார்க்கிறதோ அதற்குத் தக்கபடிதான் நடத்தும், ஆகவே ஊர் மதிக்கிற ஒரு பொறுப்பை அவருக்கு வாங்கிக்கொடு என்றார். உங்கள் கொழுந்தனாரை ஊர் என்றும் குழந்தையாகவே பார்க்கிறது. சில கோயில்களில் ‘சாமிக் குழந்தை’ என்றே சொல்வார்கள். அது இன்னும் மோசம். கும்பிடுவார்கள், வாளியைத் தரமாட்டார்கள்.

பயிற்சியை வீட்டில் தொடங்குங்கள். வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்டு, கடைசித் துண்டை முதலில் அவரிடம் விடுங்கள். எல்லாத் தட்டையும் நீங்கள் வைத்து, கடைசித் தட்டை மட்டும் அவர் வைத்து முடிக்கட்டும். அது பழகியதும் கடைசி இரண்டு, அப்புறம் ஒரு வரிசை. இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வந்தால் முதல் நாளே முடித்த சந்தோஷம் கிடைத்துவிடும். ஒவ்வொரு படியையும் அவர் செய்யும்போதே படம் எடுத்து போனில் வரிசையாக வையுங்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள பலருக்குக் காதால் கேட்டதைவிடக் கண்ணால் பார்த்தது மனதில் நிற்கும். செவித்திறன் சோதனையும் ஒருமுறை செய்துவிடுங்கள். அவர்களில் நிறையப் பேருக்குக் காது மந்தம் உண்டு. ‘சொன்னால் புரியாது’ என்று பெயர் வாங்கிய என் மாணவர்கள் சிலருக்குச் சொன்னது கேட்கவே இல்லை.

முதலில் கூடவே நில்லுங்கள், பிறகு இரண்டடி தள்ளி, பிறகு கதவருகே. நீங்கள் ஒட்டிக்கொண்டே நின்றால் “தம்பிக்குத் தண்ணி வேணுமா?” என்று உங்களைத்தான் கேட்பார்கள்.

மாமியாரிடம் எதிர்காலம் பற்றி நேராகப் பேச வேண்டாம். 1980 வாக்கில் கனடாவில் ஜூடித் ஸ்னோ என்ற பெண்ணுக்காக நண்பர்கள் ஒன்று கூடினார்கள். அவருக்குக் கைகால் இயங்காது, முதியோருக்கான மருத்துவ இல்லத்தில் விட்டுவைத்திருந்தார்கள். யார் எதைப் பார்த்துக்கொள்வது என்று பிரித்துக்கொண்டு அவரை வெளியே கொண்டுவந்தார்கள். அந்த முறைதான் பிறகு அறிவுசார் குறைபாடு உள்ளவர்களிடமும் பரவியது. நீங்களும் மாமியாரின் சினேகிதி, பக்கத்து வீட்டுக்காரர், தம்பியோடு ஒத்துப்போகிற உறவுப்பிள்ளை என்று நாலு பேரை ஒரு ஞாயிற்றுக்கிழமை டீக்குக் கூப்பிடுங்கள். தம்பியும் உட்கார வேண்டும், அவர் இல்லாமல் அவரைப் பற்றிப் பேசக் கூடாது. “ஒரு நாள் எப்படிப் போனால் உங்களுக்கு அது நல்ல நாள்?” என்று தம்பியிடமே கேளுங்கள். நீங்கள் சொல்ல முடியாததை அந்தச் சினேகிதி சொல்லிவிடுவார், பாருங்கள்.

கமிட்டி ஆள், மெரிபேங்க்:

வாத்தியார் ஐயா கமிட்டியை ஒரேயடியாகத் தள்ளிவிட்டதால் எழுதுகிறேன். ஆயா சரி என்பார், ஆனால் கொதிக்கிற எண்ணெய் கையில் பட்டால் பதில் சொல்வது நாங்கள். அடுப்பருகே நாங்கள் எந்தப் புது ஆளையும் விடுவதில்லை, தம்பி என்பதற்காக இல்லை. ஆகவே ஆயாவிடம் பேசுங்கள், எங்கள் செயலாளர் காதிலும் போட்டுவைத்துவிடுங்கள். கேட்காமல் செய்தால்தான் மறுப்போம்.

தட்டு, தம்ளர், தேங்காய் எண்ணி வைப்பது, விளக்குத் துடைப்பது எல்லாம் தாராளமாகச் செய்யலாம். காவடியன்று தொடங்க வேண்டாம். அந்தக் கூட்டத்திலும் மேளத்திலும் பழகியவர்களே தடுமாறுகிறார்கள். அப்புறம், மற்ற தொண்டர்களுக்கு என்ன ஏப்ரனோ அதையே அவருக்கும் கொடுக்கச் சொல்லுங்கள். ஏப்ரன் போட்டவரிடமிருந்து வாளியை யாரும் பிடுங்குவதில்லை.

தனியறையில் ஒருவரோடு மட்டும் அவரை விடாதீர்கள். கோயில் என்றாலும் சரி.

பீனிக்ஸ் அம்மா:

இரண்டு பேர் சொன்னதும் சரி. ஆனால் கோயிலோடு நின்றுவிடாதீர்கள். என் மகளை உறவுக்காரர் ஒருவர் தன் காய்கறிக் கடையில் கொத்தமல்லிக் கட்டுப் போட வைத்தார். அழகாகச் செய்தாள். கூலி மட்டும் வரவில்லை. கேட்டதற்கு “பிள்ளைக்குப் பொழுது போகுதே, அக்கா” என்றார். கோயிலில் எல்லோரும் சும்மா செய்கிறார்கள், அது சேவை. கடையில் பக்கத்துப் பையன் சம்பளம் வாங்கும்போது என் மகள் மட்டும் சேவை செய்ய வேண்டுமா? 2019 முதல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் நடப்பில் இருக்கிறது. அதில் பொழுதுபோக்கு என்று ஒரு வகை கிடையாது. மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

உங்கள் மாமியாரைப் பிடிவாதக்காரி என்று நினைக்காதீர்கள். 2015, 2016-ல் கவுட்டெங் மாகாணத்தில் லைஃப் எசிடிமெனி மனநல இல்லங்களில் இருந்தவர்களை, சமூகத்துக்குள் அனுப்புகிறோம் என்று சொல்லித்தான் தகுதியில்லாத தொண்டு இல்லங்களுக்கு மாற்றினார்கள். 144 பேர் செத்துப்போனார்கள். பட்டினியாலும் கவனிப்பில்லாமலும் போன உயிர்கள். முன்னாள் துணைத் தலைமை நீதிபதி மொசெனெகே 2018-ல் குடும்பங்களுக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னார். அந்தத் தாய்மார்கள் சாட்சி சொன்னதை டிவியில் பார்த்த பிறகு எனக்கும் மகளைப் பக்கத்துத் தெருவுக்கு அனுப்பக் கை வரவில்லை. முதல் சில வாரம் மாமியாரும் சமையற்கட்டில் உட்காரட்டும், வெங்காயம் நறுக்கட்டும். அவரே பார்த்துத் தெரிந்துகொள்வார்.

ஒன்று கேட்கிறேன், தம்பிக்கு சாஸாவிலிருந்து, அதாவது அரசாங்க மானியம் கொடுக்கிற அலுவலகத்திலிருந்து, பணம் வருகிறதா?

சாட்ஸ்வொர்த் மருமகள்:

எல்லோருக்கும் நன்றி. வெங்காய யோசனை நல்ல யோசனை, அத்தைக்கு அங்கே சினேகிதிகளும் உண்டு. கமிட்டி அண்ணா, செயலாளரிடமும் சொல்லிவிடுகிறேன். தட்டுப் பயிற்சி நேற்றே தொடங்கிவிட்டோம். கடைசித் தட்டை வைத்துவிட்டு அவரே கைதட்டிக்கொள்கிறார், அது போன் படவரிசையில் இல்லை.

அக்கா, சின்ன வயதில் மானியம் வந்ததாம். பிறகு நின்றுவிட்டது, ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை.

பீனிக்ஸ் அம்மா:

அது பராமரிப்பு மானியம், 18 வயதோடு நின்றுவிடும். ஊனமுற்றோர் மானியத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், தானாக மாறாது. இங்கே எத்தனையோ வீட்டில் இதே கதைதான். வருமானம் பார்ப்பார்கள், ஆனால் அவருடையதை மட்டும், அப்பா அம்மாவுடையதை இல்லை. அடையாள அட்டை, கிளினிக் கோப்பு, பள்ளி அறிக்கை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். மருத்துவ அறிக்கை மூன்று மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. தற்காலிகம் என்று எழுதினால் ஒரு வருடத்துக்குள் நின்றுவிடும், டவுன் சிண்ட்ரோமுக்கு நிரந்தரம் என்று எழுதச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். பின்னால் எங்காவது சம்பளத்துக்குப் போனால் அதையும் சாஸாவிடம் சொல்லிவிட வேண்டும். காலையில் சீக்கிரம் போங்கள், வரிசை நீளம்.