புதுப்பிப்பு: லீ-என்ஃபீல்டில் தோட்டாக் கூடு பிளந்த விஷயம்

போன மாதம் கேட்டிருந்தேன்: கனடாவில் லாங் பிராஞ்ச் ஆலையில் 1943இல் செய்த லீ-என்ஃபீல்டு எண் 4 ரைஃபிள், சுட்ட .303 தோட்டாக் கூடுகளில் அடிப்பாகத்துக்குச் சற்று மேலே பளபளவென்று ஒரு வளையம், ஒரு கூடு அங்கேயே பாதி பிளந்துவிட்டது, ஏன் என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஹெட்ஸ்பேஸை (தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டின் முகத்துக்கும் தோட்டாவின் விளிம்பு முட்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி) அளக்கச் சொன்னவர் சொன்னதுதான் சரி. துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனேன். 0.074 அங்குல ஃபீல்டு கேஜை (அந்த இடைவெளி வரம்பைத் தாண்டிவிட்டதா என்று பார்க்கும் அளவுக் கருவி) வைத்தும் போல்ட் தாராளமாக மூடிக்கொண்டது! மூடவே கூடாது. போல்ட்டில் இருந்த எண்ணும் ரைஃபிள் எண்ணும் வேறு வேறு. யாரோ எப்போதோ மாற்றியிருக்கிறார்கள். வாங்கும்போதே பார்த்திருக்க வேண்டும், என் தப்பு. எண் 4க்கு போல்ட் தலை (போல்ட்டின் முன்முனையில் கழற்றி மாட்டும் துண்டு) 0 முதல் 3 வரை நான்கு அளவில் உண்டு. 0ஐக் கழற்றி, அதைவிட நீளமான 2ஐப் போட்டதும் கேஜ் தடுத்துவிட்டது.

எதிர்பாராதது: அப்புறமும் வளையம் லேசாகத் தெரிகிறது. போர்க்காலத்தில் சேற்றிலும் தோட்டா நுழைய வேண்டும் என்று சேம்பரையே (தோட்டா உட்காரும் அறை) பெரிதாகக் குடைந்திருக்கிறார்கள். அதனால் இப்போது சுட்ட கூட்டை மறுபடி நிரப்பும்போது, குண்டைப் பிடிக்கும் கழுத்தை மட்டும் அளவுபடுத்துகிறேன், முழுக் கூட்டையும் அல்ல. வளைத்த கம்பி முனையைக் கூட்டுக்குள் விட்டு உரசிப் பார்க்கிறேன். பள்ளம் தட்டுப்பட்டால் அங்கே உலோகம் மெலிந்துவிட்டது என்று அர்த்தம், அந்தக் கூடு குப்பைக்கு.

தலையை மாற்றிய பிறகு முதல் சில குண்டுகளைத் துப்பாக்கியைக் கட்டிவைத்து, கயிறு இழுத்துத்தான் சுட்டோம். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் யாரும் பக்கத்தில் நிற்கவில்லை.